கடைசி சீட்

வத்தலக்குண்டு பைபாஸில் அமலோற்பவத்தின் பட்டறை இருந்தது. கொடைக்கானல் மலையில் ஏறி இறங்கும் வண்டிகளுக்குக் கியர்பாக்ஸில் கோளாறு என்றால் அங்கேதான் வரும். எல்லோரும் அவரை மேஸ்திரியம்மா என்றார்கள்.

அவரிடம் தொழில் கற்க வந்த சௌந்தரபாண்டியன் வயதில் அவரைவிட மூத்தவர். அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். சேர வந்த அன்றே காரணத்தைச் சொல்லிவிட்டார்.

"என் வண்டியை நானே சரி பண்ணணும்."

அது ஏழு சீட் வண்டி. தானே கியர் மாற்றிக்கொள்ளும் வகை. வேலையில் இருந்தவரை, தீபாவளிக்கும் திருவிழாவுக்கும் ஊரெல்லாம் குடும்பத்தோடு உட்கார்ந்து போக, அவர் பையை மாட்டிக்கொண்டு நின்றபடி போனார். ஓய்வு பெற்ற கையோடு வாங்கிய வண்டி அது. இப்போது ஆறு சீட்டும் காலியாகவே பட்டறைக்கு வந்து போனது.

எத்தனையோ இடங்களில் காட்டியிருந்தார். எங்கும் ஒரே பதில்தான். வண்டியில் ஒரு கோளாறும் இல்லை. மேஸ்திரியம்மா மட்டும் பார்க்க மறுத்துவிட்டார்.

"கெட்டப்ப எப்படி ஓடுச்சோ, அப்படி ஓட்டிக் காட்டுங்க. அப்பப் பார்க்கிறேன்" என்றார்.

"வீட்டு ஆளுங்க யாரும் இதுல ஏற மாட்டாங்கம்மா. வண்டி சரியாகட்டும். அப்புறம் நானே போய்க் கூப்பிடுறேன்."

மாதங்கள் போயின. சௌந்தரபாண்டியன் மற்றவர்களின் கியர்பாக்ஸ்களைக் கழுவினார், கழற்றினார், மாட்டினார்.

ஒரு வியாழக்கிழமை அவர் வண்டியை நேராக, அடியில் நின்று வேலை பார்க்கும் பள்ளத்தின் மேல் கொண்டுவந்து நிறுத்தினார்.

"கியர்பாக்ஸை இறக்கிடலாமா மேஸ்திரியம்மா?"

"என்ன அவசரம்?"

"ஞாயித்துக்கிழமை பேத்திக்குக் காதுகுத்து. மலைமேல கோயில்ல. வேன் பேசிட்டாங்களாம். என்னை நேரா வந்துரச் சொல்றாங்க."

"யாரு சொன்னது?"

"மக. பெரியகுளத்துல இருந்து பேசுனா. அவ அம்மா பக்கத்துலதான் இருந்தா. குரல் கேட்டுச்சு. போனை வாங்கலை."

வெல்டிங் வைத்துக்கொண்டிருந்த காசிம் முகமூடியைத் தூக்கினார்.

"ஊரையே ஏத்தி இறக்குன ஆளு நீரு. சொந்த வண்டியில ஏத்த ஒரு ஆளு இல்லையே கண்டக்டரே!"

"நீ ஏறேன். டிக்கெட்டுக்குச் சில்லறை வச்சிருக்கியா?"

"இவர்கிட்ட மிச்சம் வாங்குறதுக்குள்ள பஸ்ஸு மலையே இறங்கிடும்."

சௌந்தரபாண்டியன் சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை.

மேஸ்திரியம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"வண்டி நின்ன அன்னைக்கு என்ன நடந்துச்சு? இன்னொரு தடவை சொல்லுங்கண்ணே."

"மலை ஏறிட்டு இருந்தோம். திடீர்னு எஞ்சின் வேகம் காட்டுற ஆர்பிஎம் முள்ளு ஆட ஆரம்பிச்சுது. மேல போகுது, சட்டுனு கீழ விழுது. அப்புறம் கியர் தானா இறங்கி ஒரு உதை. அப்புறம் இன்னொண்ணு. வளைவுல நின்னே போச்சு."

"எஞ்சின் சத்தம் எப்படி இருந்துச்சு?"

"கவனிக்கலை."

"கடைசி சீட்டுல யாரு இருந்தா?"

"வீட்டுக்காரியும் பேத்தியும்."

"என்ன பண்ணிட்டு இருந்தாங்க?"

"தெரியாது. ஏதோ சொன்னாங்க. எதையும் தொடாதீங்கன்னு நான்தான் கத்துனேன். நான் முள்ளைப் பார்த்துட்டு இருந்தேன்."

"வண்டி நின்னதும்?"

"எல்லாரும் இறங்கி ரோட்டோரமா நின்னாங்க."

"நீங்க?"

சௌந்தரபாண்டியன் வண்டியின் கதவைத் தடவினார்.

"நான் இறங்கலை. சாவியைப் போட்டுப் போட்டுப் பார்த்துட்டே இருந்தேன். வீட்டுக்காரி கண்ணாடியைத் தட்டுனா. நான் திரும்பலை. பஸ்ஸு வந்துச்சு. ரெண்டு விசில் கேட்டுச்சு. பார்த்தா ரோட்டுல யாரும் இல்லை."

அன்று பஸ் ஏறிப் போன அவர் மனைவி இந்திராணி மகள் வீட்டிலேயே தங்கிவிட்டார். எல்லோருக்கும் தெரிந்த விஷயம் அது.

"சாவியைக் குடுங்க, நான் ஓட்டுறேன்" என்றார் மேஸ்திரியம்மா. "காசிம், முன்னாடி உட்கார்ந்து முள்ளைப் பாரு. அண்ணே, நீங்க கடைசி சீட்டு."

"அங்க உட்கார்ந்து நான் என்னம்மா பார்க்கிறது?"

"ஏறுங்க."

தன் வண்டியின் கடைசி சீட்டில் சௌந்தரபாண்டியன் அதுவரை உட்கார்ந்ததில்லை. நடு சீட்டை மடக்கி, உடம்பைக் குறுக்கி உள்ளே போனார். முட்டி நெஞ்சுக்கு வந்தது. முன்னால் ஓடிய ஏசியின் காற்று அங்கே எட்டவில்லை. கண்ணாடி இறங்காது. பக்கத்துக் குழியில் காய்ந்து கறுத்த எலுமிச்சம்பழம் ஒன்று கிடந்தது. எடுத்து மோந்து பார்த்தார். வாசனை இல்லை. ஆனாலும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

வண்டி மலை ஏறியது.

"முள்ளு தூங்குது" என்றார் காசிம்.

வளைவுக்கு வளைவு சௌந்தரபாண்டியனின் வயிறு புரண்டது. ஓடும் பஸ்ஸில் நின்றபடியே சாப்பிட்டுப் பழகியவர் அவர். சட்டை முதுகோடு ஒட்டியது.

"மேஸ்திரியம்மா, பின்னாடி வெக்கை தாங்கலை."

"அப்படியா?"

"குமட்டுது."

"ம்."

தலைக்கு மேல் சின்னக் குமிழ் ஒன்று இருப்பதை அப்போதுதான் பார்த்தார். பக்கத்திலேயே காற்று வரும் ஓட்டைகள்.

"இதைத் திருப்பலாமா?"

"உங்க வண்டிதானே."

திருப்பினார். முகத்தில் காற்று அடித்தது. அவர் கண்ணை மூடினார்.

"ஆடுது!" என்று காசிம் கத்தினார். "கண்டக்டரே, முள்ளு ஆடுது!"

வண்டி ஓர் உதை உதைத்தது. கியர் இறங்கியது. மறுபடியும் ஓர் உதை. மேஸ்திரியம்மா அகலமான இடம் பார்த்து ஓரங்கட்டினார். எஞ்சினை அணைக்கவில்லை.

"அண்ணே, கண்ணைத் திறக்காதீங்க. எஞ்சின் சத்தம் எப்படி இருக்குன்னு சொல்லுங்க."

"சீரா இருக்கு. கூடலை, குறையலை."

"காசிம்?"

"முள்ளு பேயாட்டம் ஆடுது."

"குமிழை அமர்த்துங்கண்ணே."

அமர்த்தினார்.

"நின்னுருச்சு" என்றார் காசிம்.

மறுபடி திருப்பினார். மறுபடி ஆடியது. இன்னொரு முறை அமர்த்தினார். பிறகு கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"அவதான் திருப்பியிருக்கா" என்றார். "பிள்ளைக்கு வாந்தி வந்திருக்கு. அதைத்தான் சொல்லியிருக்கா."

முன்னால் இருந்த இருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

பட்டறைக்கு வந்ததும் மேஸ்திரியம்மா பானெட்டைத் திறந்தார். எஞ்சினிலிருந்து பாடிக்குப் போகும் தடித்த எர்த் வயரைக் காட்டினார். போல்ட்டுக்கு அடியில் துரு மாவாக உதிர்ந்தது. விரலால் அசைத்தால் அசைந்தது.

"பின்னாடி ஏசிக்குக் கரண்ட் நிறைய வேணும். போன கரண்ட் திரும்பி வர இந்த வழிதான். வழி அடைச்சிருந்தா எஞ்சின் வேகத்தைச் சொல்ற சென்சார் வயர்ல புகுந்து வரும். அப்பத் தப்புக் கணக்குப் போகும். முள்ளு அதைப் பார்த்து ஆடும். கியர்பாக்ஸும் அதை நம்பி மாறும்."

"அப்பக் கியர்பாக்ஸுல ஒண்ணும் இல்லையா?"

"அது சொன்னதைத்தான் செஞ்சுச்சு."

"ஒத்தையா ஓட்டுறப்ப ஏம்மா வரலை?"

"ஒத்தையா ஓட்டுறப்பப் பின்னாடி ஏசி எதுக்கு?"

சௌந்தரபாண்டியன் துருவைச் சுரண்டினார். பளபளப்பு தெரியும்வரை உப்புத்தாள் போட்டார். புது வயரை வைத்து முறுக்கினார். மேஸ்திரியம்மா ஒரு முறை அசைத்துப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

காசிமைக் கடைசி சீட்டில் உட்காரவைத்து, குமிழைத் திருப்பச் சொல்லி, மலையில் பாதிவரை போய் வந்தார்கள். முள் ஆடவில்லை. கியர் வெண்ணெய் போல வழுக்கிக்கொண்டு மாறியது. காசிம் பின்னால் தூங்கிவிட்டிருந்தார்.

சௌந்தரபாண்டியன் எஞ்சினை அணைத்தார். இறங்கவில்லை. சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். மகளின் பெயர்வரை போனார். போனைத் திரும்ப வைத்தார்.

"என்னண்ணே?" என்றார் மேஸ்திரியம்மா.

"ஒரு வாரம் பத்து நாள் நான் மட்டும் ஓட்டிப் பார்த்துடுறேன்மா. முழுசா நம்பிக்கை வரட்டும். அப்புறம் கூப்பிடுறேன். இந்த ஞாயித்துக்கிழமை அவங்க வேன்லயே போகட்டும்."

"நீங்க மட்டும் ஓட்டுறப்ப இது என்னைக்கும் நல்லாத்தானே ஓடுச்சு?"

அவர் சட்டைப் பையிலிருந்து எலுமிச்சம்பழத்தை எடுத்தார். உருட்டிக்கொண்டே இருந்தார்.

"கூப்பிட்டு வீட்டுக்காரி ஏறலைன்னா?"

"தெரியாது. அது என் தொழில் இல்லை."

"சரி, ஏறிட்டான்னு வைங்க. பாதி மலையில மறுபடியும் ஆடிச்சுன்னா? எல்லாரையும் வச்சுக்கிட்டு அதே வளைவுல நின்னுடுச்சுன்னா? அப்ப என்னம்மா செய்ய?"

மேஸ்திரியம்மா பானெட்டை இறக்கிச் சாத்தினார்.

"இறங்கி அவங்களோட நில்லுங்க. பஸ் வந்தா எல்லாருமா ஏறிப் போங்க. வண்டி நின்ன இடத்துலயே நிக்கும்."