சுந்தரவள்ளி சொன்ன ஊர்ப்பேரு

ஒரு ஊர்ல ஒரு புள்ள இருந்துச்சு. சுந்தரவள்ளின்னு பேரு, பதினோரு வயசு. மலையடிவாரத்துல இருக்கிற பாறைப்பட்டிதான் அவ ஊரு. கேக்குறியா? ம் சொல்லு.

அவளுக்கு ஒரே ஒரு எழுத்து மட்டும் வராது. 'ர' சொல்லப் போனா 'ல' வந்து நிக்கும், 'ற'வுக்கும் அதே கதைதான். மரம்னு சொல்லப் போவா, என்ன வரும்னு நீயே சொல்லிப் பாரு... சிரிக்காத. வகுப்புலயும் அப்படித்தான் எல்லாரும் கெக்கெக்கேன்னு சிரிச்சாங்க. அப்புறம் அவ வகுப்புல வாயே திறக்கல.

அப்போ அவ அம்மா முத்துப்பேச்சி என்ன பண்ணுச்சு? வயித்துல புள்ளய வச்சுக்கிட்டு, வியாழக்கிழமை வியாழக்கிழமை பஸ் ஏறி, பெரியாஸ்பத்திரிக்கு இவளைக் கூட்டிட்டுப் போச்சு. அங்க பேச்சுப் பயிற்சி குடுக்கிற ஜெனிபா மிஸ் இருந்தாங்க. அவங்க முதல்ல இவ பேசுறதை போன்ல பிடிச்சுப் போட்டுக் காட்டினாங்க. இவளுக்கு அழுகையா வந்திருச்சு. எல்லாரும் சிரிச்சப்பக்கூட அவ காதுக்கு அது சரியாத்தான் கேட்டுச்சு, பாவம்.

அப்புறம் மிஸ் கண்ணாடியை முன்னாடி வச்சு, "ல சொல்றப்ப நாக்கு மேல ஒட்டிக்கிட்டு நிக்குது, பாரு. ர-வுக்கு ஒட்டக் கூடாது. சூடான தோசைக்கல்லுல விரல் பட்டா எப்படி எடுப்ப? டக்குனு! அப்படித் தொட்டுட்டு ஓடி வந்திரணும்"னாங்க.

டக், டக், டக். மூணு மாசம். மிஸ்ஸோட அறைக்குள்ள பாறை வந்துச்சு, கீரை வந்துச்சு. வெளிய பஸ் ஸ்டாண்டுல யாராச்சும் "எந்த ஊரு பாப்பா?"ன்னா, "பாலைப்பட்டி"தான்.

"அவசரம்னா நாக்கு பழகின வழியிலதான் ஓடும். நீ நின்னு சொல்லு"ம்பாங்க மிஸ்.

ம்?

அப்போ ஒரு நாள், உச்சி வெயில். அப்பா லோடு லாரியோட வெளியூரு போயிருக்காரு. தெருவே வேலைக்குப் போயிருச்சு. அம்மா அடுப்படியில "ஐயோ"ன்னு சுவரைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருச்சு. டாக்டரு சொன்ன தேதிக்கு இன்னும் மூணு வாரம் கிடக்கு. "வள்ளி... ஆம்புலன்ஸுக்கு போன் போடு"ன்னுச்சு.

வீட்டுல சிக்னல் கிடைக்காது. பின்னாடி பாறை மேல ஏறினாத்தான் ஒரு கோடு வரும். அம்மாவைத் தனியா விட்டுட்டு தடதடதடன்னு ஏறினா. உள்ளங்கால் சுரீர்னு சுட்டுச்சு. போன் போட்டா, ஆம்புலன்ஸ் ஆபீஸ்ல ஒரு அக்கா எடுத்தாங்க.

"அக்கா, அம்மாவுக்கு வலி வந்திலுச்சு! சீக்கிலம் வாங்க!"

"எந்த ஊரும்மா?"

"பாலைப்பட்டி!"

"பாலைப்பட்டியா? சரி, வண்டி அனுப்புறேன்."

பாலைப்பட்டின்னு நெசமாவே ஒரு ஊரு இருக்கு, ஆத்துக்கு அந்தப் பக்கம், இருபது கிலோமீட்டர் தள்ளி! "ஐயோ, பாலைப்பட்டி இல்லக்கா, பாலைப்பட்டி!"

"அதைத்தானேம்மா நானும் சொல்றேன்?"

டொக். லைன் போயிருச்சு.

கீழ அம்மா கத்துறது கேக்குது. திரும்பப் போட்டா. அதே அக்காதான். "வண்டி பாலைப்பட்டிக்குக் கிளம்பிருச்சும்மா."

"அங்க வேணாம்! இங்க கல்லு இலுக்கும்க்கா, பெலிய கல்லு!"

"கல்லுப்பட்டியா? இப்போ மாத்திச் சொல்றியே?"

கல்லுப்பட்டின்னும் ஒரு ஊரு இருக்கே! இவ இல்லன்னு சொல்றதுக்குள்ள கொர்ர்ருன்னு சத்தம், மறுபடியும் டொக்.

தூங்கிட்டியா? ம்... சரி.

மூணாவது தடவை மணி அடிக்குது. ட்ரிங்... ட்ரிங்... "சொல்லும்மா, எந்த ஊரு?"

வாய் ஓடப் பாத்துச்சு. இவ பல்லைக் கடிச்சுக்கிட்டு நின்னா. கீழ அம்மா கத்துறது கேட்டும் நின்னா. "பாப்பா? லைன்ல இருக்கியா?" அப்பவும் நின்னா. அப்புறம் கண்ணை மூடி, நாக்கை மேல கொண்டு போய்த் தொட்டு, டக்குனு எடுத்தா.

"பா... றை... பட்டி."

அதோட விடல, மறுபடியும் சொன்னா.

"பாறை. பாறைப்பட்டி. பாறை!"

"பாறைப்பட்டியா! மலையடிவாரமா? அட, பக்கத்துலயே ஒரு வண்டி நிக்குது, அதை அனுப்பி விடுறேன். நீ அம்மாகிட்ட போ!"

அவ இறங்கி ஓடினா. அம்மா தலையை மடியில வச்சுக்கிட்டு வாசலையே பாத்தா. எம்புட்டு நேரமோ! அப்புறம் தூரத்துல வீ...ங், வீ...ங். வண்டி தெருமுனை திரும்புறதுக்குள்ள அம்மா இவ கையை நசுக்கிருச்சு. ஆஸ்பத்திரிக்குப் பாதி வழியில, வண்டிக்குள்ளயே, "ங்ஙா!"

பொம்பளப் புள்ள.

மறுநாள் அப்பா ஓடி வந்தாரு. புள்ளயத் தூக்கிப் பாத்தாரு, இவளைப் பாத்தாரு. "நீயே பேரு வை, வள்ளி. உனக்குக் கஷ்டம் இல்லாம, ர வராத பேராப் பாத்து வை"ன்னாரு.

இவ யோசிச்சா. "தாமலை"ன்னா. சொன்னதும் அவளுக்கே காதுல பட்டுச்சு. யாரும் திருத்தல. அவளே நின்னா, நாக்கைத் தேடினா.

"தாமரை."

"ஏம்மா, வேற பேரே கிடைக்கலையா?"ன்னாரு அப்பா.

"தினமும் கூப்பிடணும்ல"ன்னா அவ.

கதையும் நின்னுருச்சு, காத்தும் நின்னுருச்சு. கண்ணை மூடு, சாமி.