இருபதுக்கும் நாற்பதுக்கும் நடுவில்

"அம்மா, உத்தரவு கொடுங்க. நாலு மணி பஸ்ஸைப் பிடிச்சா விடியக்காலம் ஓசூர் போயிருவேன்."

வடிவம்மை கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். தலையை நிமிர்த்தவில்லை.

"மக கூப்பிட்டாளா, அண்ணாச்சி?"

"கூப்பிடலை. அதான் போறேன்."

சீடர் சங்கரபாகத்துக்கு வயது அறுபத்து நான்கு. குரு வடிவம்மைக்கு நாற்பத்தொன்று. அவர் இவரை அம்மா என்பார், இவர் அவரை அண்ணாச்சி என்பார். தென்காசிக்கு மேற்கே மலையடிவாரத்தில் ஓர் ஓட்டு வீடு, அதில் ஆறு பேர், அவ்வளவுதான் மடம்.

சங்கரபாகம் முப்பது வருஷம் மோட்டாருக்குச் செப்புக்கம்பிக் காயில் கட்டியவர். பெண்டாட்டி தவறிப்போனபோது மகள் செண்பகாவுக்கு ஐந்து வயது. சடை பின்னக் கற்றுக்கொண்டார். காய்ச்சலுக்குக் கஷாயம் வைக்கக் கற்றுக்கொண்டார். அவளைப் படிக்கவைத்துக் கட்டிக்கொடுத்த கையோடு மடத்துக்கு வந்தார். பற்றை அறுக்க வந்ததாகச் சொன்னார். வரும்போது போனையும் கொண்டுவந்தார்.

காலையில் சாப்பிட்டாயா என்று ஒரு போன். வாசல் கதவைப் பூட்டினாயா என்று ஒரு போன். ஓசூரில் மழை என்று பேப்பரில் போட்டிருந்தால் அதற்கு ஒன்று. போடாவிட்டால், அங்கே மழையே இல்லையா என்று கேட்க ஒன்று.

போன வாரம் செண்பகா சொல்லிவிட்டாள்.

"அப்பா, எனக்கு மூச்சு முட்டுது. இனி நானே கூப்பிடுதேன். நீங்க பாட்டுக்கு இங்க வந்து நின்னீங்கன்னா வீட்டை மாத்திட்டுப் போயிருவேன். அட்ரஸ்கூடச் சொல்ல மாட்டேன்."

சொன்னால் செய்கிற பெண்தான். வளர்த்தது அவர் அல்லவா.

இன்றோடு எட்டு நாள் ஆகிவிட்டது.

"நான் விட்டுட்டா அவ ஒண்ணுமில்லாம நிப்பாம்மா. என்னை விட்டா அவளுக்கு யாரு இருக்கா?"

"மாப்பிள்ளை இருக்காரே."

"அவரு இருக்காரு," என்றார் சங்கரபாகம், ஏதோ ஓர் ஓரத்தில் குடை இருக்கிறது என்பதுபோல.

கிணற்றடியில் டக் என்று ஒரு சத்தம். மோட்டார் ஓடியது. உடனே நின்றது. மறுபடி டக். மறுபடி ஓடி, மறுபடி நின்றது. உள்ளே யாரோ கை கழுவுகிறார்கள், அவ்வளவுதான்.

"இந்த மோட்டாருக்கு ஏன் இப்படி ஓயாம விக்கல் எடுக்குது?"

சங்கரபாகம் தலையைச் சொறிந்தார்.

"நான் பண்ணுன வேலைதாம்மா."

ஓட்டுக் கூரைமேல் தண்ணீர்த் தொட்டி வைக்க முடியாது. அதனால் கிணற்றடியில் ஒரு பிரஷர் டேங்க். அதன் பக்கத்தில் உள்ளங்கை அகலத்தில் ஒரு பிரஷர் ஸ்விட்ச். குழாயைத் திறந்தால் டேங்கில் அழுத்தம் குறையும். மீட்டரில் முள் இருபதுக்கு இறங்கினால் ஸ்விட்ச் மோட்டாரைப் போடும். நாற்பதுக்கு ஏறினால் நிறுத்தும். நடுவில் அது எதிலும் தலையிடாது.

"போன மாசம், நீங்க குளிக்கையில தண்ணி மெலிஞ்சு வருதுன்னு பேச்சு வந்துது. எனக்கு மனசு கேக்கலை. இருபதை முப்பத்தஞ்சாத் தூக்கி வச்சுட்டேன். ஒரு சொம்பு பிடிச்சாலும் மோட்டார் ஓடிவந்துரும்."

"நல்லதுதானே?"

"நல்லது எங்கம்மா. மோட்டாரைத் தொட்டா கொதிக்கு. இப்படியே போட்டுப் போட்டு நிறுத்துனா காயில் கருகிரும்."

"தெரிஞ்சேவா செஞ்சீங்க?"

"தண்ணி மெலிஞ்சா பாத்துக்கிட்டு இருக்க முடியலைம்மா."

வடிவம்மை அவரை முதல் முறையாக நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. இந்த மனுஷனை என்ன செய்வது என்ற பிரியம்தான் இருந்தது.

"சரி. ஓசூர் போயிட்டு வாங்க. போறதுக்கு முன்ன அதைப் பழையபடி ஆக்கிருங்க."

உத்தரவு கிடைத்ததில் சங்கரபாகத்தின் முகம் மலர்ந்தது. ஸ்க்ரூடிரைவரும் ஸ்பேனருமாகக் கிணற்றடிக்கு ஓடினார். மூடியைக் கழற்றினார். உள்ளே குடியிருந்த எறும்புகளை ஊதினார். நட்டைத் திருப்பினார். ஸ்விட்சைக் கையால் தட்டிவிட மோட்டார் ஓடி, முள் நாற்பதைத் தொட்டதும் டக் என்று நின்றது.

"முடிஞ்சுதும்மா. கிளம்பட்டா?"

"இருபதுல போடுதான்னு பாக்க வேண்டாமா?"

நியாயமான கேள்வி. பார்க்காமல் போனால் கற்ற தொழிலுக்கு மரியாதை இல்லை.

வடிவம்மை ஆய்ந்த கீரையோடு வந்து குழாயைத் திறந்தார். ஒவ்வொரு இலையாக அலசத் தொடங்கினார். உலகத்தில் வேறு வேலையே இல்லாதவர் மாதிரி அலசினார்.

முப்பத்தெட்டு. முப்பத்தைந்து.

ஸ்க்ரூடிரைவர் பிடித்த கை தானாக ஸ்விட்சுக்குப் போனது, தட்டி மோட்டாரைப் போட்டுவிட.

"கையை எடுங்க, அண்ணாச்சி."

எடுத்தார்.

முப்பத்திரண்டு.

"மெலியுதும்மா."

"வருதுல்லா?"

"வருது. ஆனா மெலியுது."

முப்பது. அவருக்கு நிஜமாகவே பயமாக இருந்தது. வெறும் தண்ணீர்தானே என்று யாராவது சொல்லியிருந்தால் சண்டைக்குப் போயிருப்பார்.

"நின்னுரும்மா. நான் போட்டு விட்டுருதேன்."

வடிவம்மை ஓர் இலையைத் திருப்பி அதன் அடிப்பக்கத்தை அலசினார்.

"எனக்கு ஒரு சந்தேகம், அண்ணாச்சி. மோட்டார் ஓடலை. கிணத்துல யாரும் வாளி போடலை. பெறகு இந்தத் தண்ணி எங்கேருந்து வருது?"

சங்கரபாகத்துக்குச் சிரிப்பு வந்தது. முப்பது வருஷம் தொழில் செய்தவனிடம் கேட்கிற கேள்வியா இது?

"இது மோட்டார் முந்தியே அனுப்புன தண்ணிம்மா. அம்புட்டும் டேங்குக்குள்ள பத்திரமா இருக்கும்லா. மோட்டார் சும்மா கிடந்தாலும் அது பாட்டுக்கு..."

ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தார். செண்பகாவுக்குப் பின்னிய சடை ஞாபகத்துக்கு வந்தது.

வடிவம்மை அவர் பக்கம் திரும்பவில்லை. அடுத்த இலையை எடுத்தார்.

தண்ணீர் வந்துகொண்டிருந்தது.

கீழே ரோட்டு வளைவில் ஹாரன் கேட்டது.

"பஸ் வந்துட்டு, அண்ணாச்சி."

சங்கரபாகம் கண்ணைத் துடைத்துக்கொண்டு முள்ளைப் பார்த்தார். இருபத்தாறு.

"இன்னும் இருபதுக்கு வரலைம்மா," என்றார்.