ஓணான்குளத்தில் ஒரு பதவி நீக்கம்

ஓணான்குளத்து ஜனங்களுக்கு ஒரு குளம் உண்டு. குளத்துக்கு ஒரு சங்கமும், சங்கத்துக்கு ஒரு இரும்பு நாற்காலியும் உண்டு. சங்கத்தின் விதிப் புத்தகத்தில் இரண்டே விதிகள். நாற்காலியில் இருப்பவரே தலைவர் என்பது ஒன்று. குளத்தின் பெரிய மதகைத் தலைவர் மட்டுமே தொடலாம் என்பது இன்னொன்று. மற்ற பக்கங்கள் வெறுமையாக இருந்தன. ஊர் அவற்றையும் மதித்தே நடந்துவந்தது.

அந்த வருஷத் தலைவர் ஆவுடையப்பன். நல்ல மனிதர், நல்ல பருமன். அவருடைய காலம் முடிகிற நாளன்று காலையில் டவுனிலிருந்து கடிதம் வந்தது. அதிகாரி பார்வையிட வருகிறாராம். குளத்தின் ஆழம் அவருக்குத் தெளிவாகத் தெரிய வேண்டுமாம். ஆவுடையப்பன் கரையில் நின்று பார்த்தார். தண்ணீர்தான் தெரிந்தது. ஆழம் அதற்கு அடியில் மறைந்து கிடந்தது. ஆகவே, வெள்ளக் காலத்தில் மட்டும் திறக்கும் பெரிய மதகை முழுக்கத் திறந்துவிட்டார். சாயங்காலம் நாலு மணிக்கு மாலை மரியாதையோடு நாற்காலியை விட்டு எழுந்து, வீட்டுக்குப் போய்த் தூங்கினார். தண்ணீர் தூங்கவில்லை. ஓடை வழியே பக்கத்து ஊருக்குப் போய்க்கொண்டிருந்தது.

மறுநாள் விடிந்ததும் சங்கக் கொட்டகையில் கூட்டம் கூடிவிட்டது.

"அந்த மனுசனப் பதவியில இருந்து நீக்கணும்" என்றார் உச்சிமாகாளி. அடுத்த தலைவர் அவர்தான். நாற்காலியில் உட்கார நல்ல நாள் அடுத்த மாதம்தான் இருக்கிறது என்பதால் நின்றுகொண்டே இருந்தார்.

"நீக்கலாம்" என்றார் சொரிமுத்து. விதிப் புத்தகம் அவர் பொறுப்பில் இருந்தது. "ஆனா அண்ணாச்சி நேத்து நாலு மணிக்கே இறங்கிட்டாவளே."

"இறங்கினவர எப்படிவே இறக்குறது?"

"பனையில ஏறாதவன பனையில இருந்து இறக்க முடியுமா?"

"முடியும்" என்றார் உச்சிமாகாளி. "முதல்ல ஏத்தணும்."

இப்படி ஒரு மூளை அடுத்த மாதம் வரை நின்றுகொண்டே இருக்கப்போகிறதே என்று சிலர் கண் கலங்கினார்கள்.

அந்நேரம் புடவை சொட்டச் சொட்டப் பேராச்சி ஓடிவந்தாள். குளத்துக்குக் கீழே அவளுக்கு அரை ஏக்கர் நெல். கதிர் பால் பிடிக்கிற சமயம். இன்னும் பத்து நாள் தண்ணீர் வேண்டும். வயலுக்குப் போகும் சின்ன மடை, குளத்தில் அவள் இடுப்பளவு தண்ணீர் இருந்தால்தான் ஓடும். அதனால் குளத்துப் படிக்கட்டின் கடைசிப் படியில் இறங்கி நின்று பார்த்துவிட்டு வந்திருந்தாள்.

"அண்ணாச்சி, நேத்து தலைக்கு மேல கெடந்த தண்ணி இன்னைக்குக் கழுத்துக்கு நிக்கி! மதக அடைங்கய்யா!"

"அடைக்கலாம் தாயி. தலைவர்லா அடைக்கணும். தலைவர் யாருன்னு தெரிஞ்சாத்தான..." என்றார் சொரிமுத்து.

பேராச்சியும் ஓணான்குளத்துக்காரிதான். போகிற வழியில் தானே மதகை அடைத்திருக்கலாம் என்பது அவளுக்கும் தோன்றவில்லை. மறுபடி அளந்து பார்க்க ஓடினாள்.

ஆவுடையப்பனை எழுப்பிக் கூட்டிவந்து நாற்காலியில் உட்காரவைத்தார்கள். அவர் வழக்கம்போலத் தொண்டையைச் செருமி, "கூட்டம் ஆரம்பிக்கலாம். யாரு மேல குத்தம்?" என்று கேட்டார்.

"உங்க மேலதான் அண்ணாச்சி."

"அப்படியா! குத்தஞ்சாட்டப்பட்டவன் எந்திரிச்சு நிக்கட்டும்" என்று உத்தரவிட்டு, தாமே எழுந்து நின்றார்.

"ஐயோ, எந்திரிச்சிட்டாவளே! இப்ப முன்னாள் தலைவர் ஆயிட்டாவ. உக்காருங்க, உக்காருங்க!"

உட்கார்ந்தார். "தலைவர் முன்னால குத்தவாளி உக்காந்திருக்கானே, என்ன மரியாதை இது?" என்று அவருக்கே கோபம் வந்தது. எழுந்தார். மறுபடி முன்னாள் ஆனார். பதினோரு முறை பதவிக்கு வந்து, பதினோரு முறை பதவியை விட்டுப் போனார். ஓணான்குளத்தின் வரலாற்றில் இத்தனை தலைவர்களை ஒரே காலையில் யாரும் பார்த்ததில்லை.

கடைசியில் சொரிமுத்து ஒரு வழி சொன்னார். "பாதி எந்திரிச்சு நிக்கட்டும். மேல் பாதி குத்தவாளி, கீழ் பாதி தலைவர்."

ஆவுடையப்பன் அந்தரத்தில் குனிந்து நின்றார்.

"மதகு திறந்தது உண்மைதானா?"

"உண்மைதான்வே. சீக்கிரம் கேளுங்க, தொடை நடுங்குது."

"பதில் சொல்லுதது தொடையா, வாயா? பதிவுல எழுதணும்."

பேராச்சி திரும்பி வந்தாள். "நெஞ்சுக்கு வந்துட்டு! எதையாவது செய்யுங்களேன்!"

"இப்பதான் நாற்காலியில தலைவர் இருக்காவளே, அவியளே அடைக்கட்டும்" என்று ஒருவர் சொன்னதும் எல்லோரும் உற்சாகமாகக் கைதட்டினார்கள். ஆவுடையப்பன் எழுந்து ஓடப்போனார். நாலு பேர் பாய்ந்து அவரைப் பிடித்து அமுக்கினார்கள். எழுந்தால்தான் பதவி போய்விடுமே! ஆகவே நாற்காலியோடு தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு குளத்தங்கரைக்கு நடந்தார்கள். பொழுது ஏறிவிட்டிருந்தது. வேலி நிழலில் படுத்திருந்த நாய்கூட எழுந்து நின்று, அவர்கள் போகிற வரை உட்காரவில்லை.

மதகின் சக்கரம் ஒரு கல் மேடை மேல் இருந்தது. நாற்காலி அங்கே ஏறாது. தலைவரின் கை அங்கே எட்டாது.

"தலைவர் சக்கரத்துக்கிட்ட போக முடியலன்னா சக்கரம் தலைவர்கிட்ட வரட்டும்" என்றார் உச்சிமாகாளி. ஆனால் சக்கரத்தைத் தலைவர் மட்டும்தானே தொடலாம்? துண்டால் சுற்றி, தொடாமல் கழற்றி, அவர் மடியில் வைத்தார்கள். ஆவுடையப்பன் மடியிலேயே வலப்பக்கமாக முப்பது சுற்றுச் சுற்றினார்.

"அடைச்சாச்சு!" என்றார், வேர்வையைத் துடைத்தபடி.

"தண்ணி இன்னும் போவுதே அண்ணாச்சி" என்றாள் பேராச்சி. அவள் தண்ணீருக்குள்தான் நின்றிருந்தாள். "வயித்துக்கு வந்துட்டு. இன்னும் ஒரு சாண் போச்சுன்னா என் கதிரு பதராத்தான் நிக்கும்."

சொரிமுத்து குனிந்து பார்த்தார். "மதகு அடைச்சாச்சு. தண்ணிக்கு இன்னும் தகவல் போய்ச் சேரல."

உச்சிமாகாளிக்குப் பொறுமை போய்விட்டது. "ஒரு மதகு ஒழுங்கா அடைக்கத் தெரியாத தலைவர் நமக்கு எதுக்குவே? இப்பவே ஓட்டு எடுங்க. நீக்கணும்னு சொல்லுதவங்க கையத் தூக்குங்க!"

"ஒரு கையா, ரெண்டு கையா?"

"ரெண்டும். ஒரு ஆள் பாக்கியில்லாம!"

எல்லோரும் தூக்கினார்கள். நியாயம் தெரிந்தவர் என்பதால் ஆவுடையப்பனும் சக்கரத்தைக் கீழே போட்டுவிட்டுத் தூக்கினார். இறக்கி வைக்கும்படி யாரும் சொல்லாததால் அதுவரை நாற்காலியைத் தோளில் பிடித்துக்கொண்டிருந்த நாலு பேரும், எட்டுக் கைகளையும் வானத்துக்கு உயர்த்தினார்கள்.

நாற்காலி சரிந்தது. கரையில் வழுக்கித் தண்ணீரில் விழுந்தது. மதகை நோக்கி ஓடிய நீர் அதையும் இழுத்துக்கொண்டு போனது. இரும்பு நாற்காலியும் அதில் உட்கார்ந்த ஆவுடையப்பனும் மதகின் வாயில் போய், கச்சிதமாகச் செருகிக்கொண்டார்கள்.

ஓடையின் சத்தம் நின்றது. வெகுநேரம் பேசிக்கொண்டிருந்த யாரோ சட்டென்று வாயை மூடினது போலிருந்தது.

"இடுப்பு!" என்று கத்தினாள் பேராச்சி. "இடுப்புலயே நிக்கி! போதும், போதும்!"

"தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது" என்று சொரிமுத்து விதிப் புத்தகத்தின் மூன்றாம் பக்கத்தில் எழுதினார். "நீக்கப்பட்டார்."

"அப்ப என்னைய வெளிய எடுங்கவே" என்றார் ஆவுடையப்பன். அவர் தலையும் தோளும்தான் வெளியே தெரிந்தன.

"அண்ணாச்சி, பத்து நாளு பொறுங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்!" என்று பேராச்சி கும்பிட்டாள்.

அவர் பொறுத்தார். பேராச்சி மூன்று வேளையும் சோறு கொண்டுவந்து ஊட்டினாள். மீன்கள் அவர் பாதத்தைக் கடித்தன. அதிலும் ஒரு சுகம் இருப்பதாக அவர் சொன்னார். அதிகாரி வந்தார். ஆழம் எவ்வளவு என்று கேட்டார். "தலைவர் தோள் அளவு" என்றார்கள். அவர் எழுதிக்கொண்டு போனார்.

கதிர் முற்றியது. பேராச்சி அறுத்துக் களத்தில் சேர்த்தாள். பிறகு ஊரே வடக்கயிற்றோடு கரைக்கு வந்தது.

"நில்லுங்க" என்றார் சொரிமுத்து, புத்தகத்தைத் திறந்து. "இவியள அன்னைக்கே நீக்கியாச்சு. இப்ப இவிய முன்னாள் தலைவர். முன்னாள் தலைவர எப்படி நீக்குறது?"

"நாற்காலியிலதான இருக்காவ? அப்ப தலைவர்தான்."

"தலைவர்னா நீக்கின தீர்மானம் என்னாச்சு?"

"ஒரே வழிதான்" என்றார் உச்சிமாகாளி. "பழையபடி முதல்ல நாற்காலியில உக்கார வச்சு, அப்புறம் இறக்கணும்."

"உக்கார வைக்கணும்னா முதல்ல எந்திரிக்க வைக்கணும்லா?"

"எந்திரிக்க வச்சா நீக்கின மாதிரி ஆயிருமே!"

எல்லோரும் கயிற்றைக் கீழே போட்டார்கள். இது நின்றபடி பேசித் தீர்க்கிற விஷயமில்லை என்று கொட்டகையை நோக்கி நடந்தார்கள்.

"வே, ஒரு குடையாவது குடுத்துட்டுப் போங்க!" என்று கத்தினார் ஆவுடையப்பன்.

"தலைவர் குடையா, முன்னாள் தலைவர் குடையான்னு அதையும் பேசிட்டு வந்துருதோம் அண்ணாச்சி."

பேராச்சி அவர்கள் போவதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். தண்ணீரைப் பார்த்தாள். இடுப்பளவு அசையாமல் நின்றது. பிறகு வீட்டுக்குப் போய், அடுத்த போகத்துக்கு நாற்றுப் பாவ விதைநெல்லை ஊறப்போட்டாள்.