கரடி குட்டியை இறக்கி வைக்காத காரணம்

அந்தக் காலத்தில், விலங்குகளுக்குப் பேச்சு இருந்தபோது, நெருப்பும் இருந்தது. முள்ளம்பன்றி கிழங்கைச் சுட்டுத் தின்றது. மந்தி மார்கழிக் குளிரில் கனப்பு மூட்டிச் சுற்றி உட்கார்ந்தது. மனிதன் ஆற்றங்கரையில் கஞ்சி காய்ச்சினான். நெருப்பு வைத்திருப்பதால் தான் பெரிய ஆள் என்ற நினைப்பு அவனுக்கு இன்னும் வரவில்லை.

எல்லோருக்கும் ஒரே ஒரு கட்டுப்பாடு இருந்தது. மரங்கள் இலையைக் கொட்டத் தொடங்கியதும் எல்லா நெருப்பும் காட்டைவிட்டு இறங்கி ஆற்று மணலுக்குப் போய்விட வேண்டும். முதல் மழை மண்ணை நனைக்கும்வரை ஒரு கங்குகூட மேலே ஏறக் கூடாது. ஆற்றிலிருந்து மலைக்கு இருந்த ஒரே வழி, இரு பாறைகளுக்கு நடுவே ஓர் இடுக்கு. அந்த இடுக்கைக் காத்தவள் வெள்ளாயி என்ற கரடி. மார்பில் வெள்ளைப் பிறையோடு பிறந்ததால் அந்தப் பெயர். அப்போது அவள் உடம்பில் எருமைக்கு இருப்பது போலக் குட்டை மயிர்தான்.

வெள்ளாயி கறாரானவள். அந்த வருடக் கோடையில், உடைந்த சட்டியில் ஒரு கங்கை வைத்துக்கொண்டு முள்ளம்பன்றி வந்து நின்றது. அதன் தாய்க்குப் பல் எல்லாம் கொட்டிவிட்டது, பச்சைக் கிழங்கை மெல்ல முடியவில்லை. மணலில் சுட்டு எடுத்துப் போகச் சொன்னாள் வெள்ளாயி. மேலே போய்ச் சேர்வதற்குள் கிழங்கு விறைத்துவிடுகிறது என்றது முள்ளம்பன்றி.

“அப்ப உங்கம்மாவ மணலுக்குக் கூட்டிட்டு வா.”

“அவளால நடக்க முடியாதுக்கா.”

“முடியாதுன்னா பச்சையாத் திங்கட்டும். ஊருக்கு ஒரு கட்டு, உனக்கு ஒரு கட்டா?”

முள்ளம்பன்றி கங்கை மணலில் கொட்டிவிட்டுத் திரும்பியது. வெள்ளாயி சொன்னதில் தவறு ஒன்றும் இல்லை. அந்த நியாயத்தை அவள் கடைசிவரை வைத்திருந்திருந்தால் இந்தக் கதைக்கே வேலை இருந்திருக்காது.

அவளுக்கு இரண்டு குட்டிகள். சரிவின் நடுவில் புல் மூடிய ஒரு பாறைப் பொந்தில் அவற்றை விட்டிருந்தாள். ஒவ்வொரு முறை காவலுக்குப் போகும்போதும் ஒரே சொல்தான் சொல்வாள்: நான் கூப்பிடும்வரை வெளியே வராதீர்கள். அடங்கிய குட்டிகள். சிறுத்தை வாசலில் மோப்பம் பிடித்துப் போனபோதும் மூச்சுக் காட்டாமல் கிடந்தன.

பங்குனியில் கறையான் புற்றுகள் கல்லாக இறுகின. நகம் தேய்ந்ததே தவிர வாய்க்கு ஒன்றும் வரவில்லை. வெள்ளாயிக்குப் பால் வற்றியது. குட்டிகள் வெறும் காம்பைச் சப்பிச் சப்பி அழுதன.

அப்போதுதான் மாறப்பன் வந்தான். ஆற்றங்கரை மனிதன், நயமாகப் பேசுகிறவன். எரியும் பந்தம் ஒரு கையில், கொடிக் கயிறு தோளில். அவளுடைய விலா எலும்புகளைப் பல நாளாகத் தூரத்திலிருந்து பார்த்து வைத்திருந்தான்.

உச்சிப் பாறையின் அடியில் தொங்கும் தேனடைகளைப் பற்றிச் சொன்னான். எந்தக் கரடியும் எட்ட முடியாத இடம். கயிற்றில் இறங்கிப் புகை காட்டினால் தேனீக்கள் விலகிவிடும், பாதி அடை அவளுக்கு என்றான்.

“நெருப்பு ஏறக் கூடாது, மாறப்பா.”

“காட்டுக்குத்தானக்கா கூடாது? இது என் கையிலதான இருக்கப்போவுது. தரையில படவே படாது.” பிறகு குரலைத் தாழ்த்தினான். “குட்டிக்குப் பால் இல்லன்னு கேள்விப்பட்டேன்.”

வெள்ளாயி முகத்தை ஆற்றின் பக்கம் திருப்பிக்கொண்டாள். அவ்வளவுதான் அவள் செய்தது. அந்த இடைவெளியில் மாறப்பன் பந்தத்தோடு ஏறிப் போனான்.

வெயில் சாயுமுன் திரும்பினான். உதடும் இமையும் ஈ கொட்டி வீங்கியிருந்தன. கையில் பந்தம் இல்லை. சொன்னபடி பாதி அடையை வாழையிலையில் வைத்து நீட்டினான்.

“அணைச்சியா?”

“அணைச்சுட்டேன்க்கா. மண்ணுல புதைச்சு, மிதிச்சு, மேல கல்லும் வெச்சுட்டேன்.”

ஈக்கள் துரத்தியபோது அவன் பந்தத்தை வீசிவிட்டு ஓடிவந்திருந்தான். அதைக் கண்டுபிடிக்க வெள்ளாயி ஒரு முறை மேலே நிமிர்ந்து பார்த்திருந்தால் போதும். அவள் வாய் நிறையத் தேன் இருந்தது. கண்ணை மூடித் தின்றுகொண்டிருந்தாள்.

புகை வாடைதான் கண்ணைத் திறக்க வைத்தது. அதற்குள் உச்சி முழுக்கச் சிவந்து, காற்றோடு சரிவில் இறங்கிக்கொண்டிருந்தது. வெள்ளாயி ஓடினாள். புல் அவளுக்கு முன்னால் பற்றியது. பொந்து கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் நின்று கூப்பிட வாயைத் திறந்தாள். புகை தொண்டைக்குள் இறங்கி அடைத்தது. காற்று வந்தது, சொல் வரவில்லை. மறுபடி திறந்தாள். உறுமல் ஒன்று வந்தது. அது குட்டிகளுக்குத் தெரிந்த குரல் அல்ல.

வெளியே வர அவற்றுக்கு வழியும் இருந்தது, நேரமும் இருந்தது. அம்மா இன்னும் கூப்பிடவில்லை என்று உள்ளேயே இருந்தன.

தீ தானாக ஓய்ந்தபின், மிஞ்சியவை எல்லாம் ஆற்று மணலில் கூடின. மாறப்பனே முதலில் பேசினான், வீங்கிய உதட்டோடு. காவல் சரியில்லாததால் வந்த கேடு இது என்றான். விலங்குகளுக்குப் பொறுப்புக் கிடையாது, இனி நெருப்பு மனிதனிடம் மட்டும் இருக்கட்டும், கோடையில் யார் காட்டுக்குள் வரலாம் என்பதையும் அவனே பார்த்துக்கொள்வான் என்றான். எல்லாக் கண்களும் வெள்ளாயியின் மேல் திரும்பின. உண்மை தெரிந்தவள் அவள் ஒருத்திதான். தொண்டை வெந்து போயிருந்தது. வேகாமல் இருந்திருந்தாலும், தான் தின்ற தேனைச் சொல்லாமல் அவனைப் பற்றிச் சொல்ல வழியில்லை.

முள்ளம்பன்றி மட்டும் அவள் அருகே வந்து நின்றது. அதன் தாயும் மேலேதான் இருந்தாள்.

“எங்கம்மா கடைசிவரைக்கும் பச்சையாத்தான் தின்னாக்கா,” என்றது. பிறகு தன் கங்கையும் கொண்டுபோய் மாறப்பன் காலடியில் வைத்தது. ஒவ்வொன்றாக எல்லாம் வைத்தன.

அடுத்த வருடம் வெள்ளாயி மறுபடி ஈன்றாள். எந்தப் பொந்தையும் நம்பவில்லை, எந்தச் சொல்லையும் சொல்லிக்கொடுக்கவில்லை. குட்டிகளைத் தூக்கி முதுகில் போட்டுக்கொண்டாள். அவை பிடித்துத் தொங்கிய இடமெல்லாம் மயிர் நீண்டு சடையாகத் தொங்கியது.

பங்குனி வந்தால் காடு இன்றும் எரிகிறது. யார் உள்ளே வரலாம் என்று மனிதன்தான் இன்றும் முடிவு செய்கிறான். அன்று முதல்தான் கரடி குட்டியை எங்கும் இறக்கி வைக்காமல் முதுகிலேயே சுமந்து திரிகிறது. அன்று முதல்தான் மனிதனைக் கண்டால், அவன் கையையும் காலையும் விட்டுவிட்டு, இரண்டு காலில் நிமிர்ந்து நின்று அவன் முகத்தைக் கீறத் தேடுகிறது. அணைத்துவிட்டேன் என்று சொன்ன வாய் அங்கேதான் இருக்கிறது.