அழிக்கட்டுமா சார்?

“ஓசி லினக்ஸையும் அந்தப் பொண்ணையும் இந்த மாசத்தோட அனுப்பிடலாம்” என்று மேலாளர் கோதண்டபாணி வெளியே யாரிடமோ சொன்னது, அலுவலகத்தின் லினக்ஸ் கணினிகளைப் பராமரிக்கும் மதுரவல்லிக்கு, சர்வர் அறையில் தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கேட்டது. அந்த அறைக் கதவை யாரும் தட்டுவதில்லை.

மாலையில் எல்லோர் முன்னாலும் அவர் சீண்டினார். “நான் காசு கொடுத்து வாங்கின பேக்கப்பைவிட உன் ஸ்னாப்ஷாட் எதுலம்மா உசத்தி?”

அவள் தன் வேலை முழுவதையும் லினக்ஸ் கணினியிலிருந்து அழித்தாள். ஒரே கட்டளையில், காலையில் எடுத்த ஸ்னாப்ஷாட் என்ற முழு நகலிலிருந்து எல்லாம் திரும்பி வந்தது.

“இப்ப உங்க கணினியில இருக்கிற மகள் கல்யாணப் படங்களை அழிக்கட்டுமா சார்? உங்க பேக்கப் திருப்பித் தந்துடும்ல?” என்று அவருடைய மவுஸில் கை வைத்தாள்.

“ஐயோ, தொடாதே!” என்று மவுஸைப் பிடுங்கினார். அலுவலகமே சிரித்தது.

எல்லோரும் கிளம்பிய பிறகு, கல்யாணப் படங்கள் இருந்த பென்டிரைவோடு கோதண்டபாணி வந்து சர்வர் அறைக் கதவைத் தட்டினார்.