நிலம் விழுங்கிய சரளைக்கல்

முன்னொரு காலத்தில், மழை பெய்தால் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு தன் நந்தவனத்தில் நடந்த ராஜா ஒருவர் இருந்தாராம். நெல்வாய் நாட்டுக் குமாரபூபதி. பாதையில் கொட்ட வருஷம் தவறாமல் வண்டி வண்டியாகச் சரளைக்கல் வரவழைப்பார். மழைக்காலத்தில் பார்த்தால் சேறு இருக்கும், கல் இருக்காது.

"கல்லெல்லாம் எங்கேயப்பா?" என்று கட்டட அதிகாரி தாண்டவமூர்த்தியைக் கேட்டார்.

"களிமண் பூமி மன்னா. எவ்வளவு போட்டாலும் நிலம் விழுங்கிவிடுகிறது. இந்தத் தடவை இரண்டு மடங்காகச் சொல்லிவிடலாம்."

அவையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். வேறு யார், பேச்சுச் சாமர்த்தியத்துக்காகவே ராஜா பக்கத்தில் வைத்திருந்த செவ்வந்தியப்பர்தான்.

தாண்டவமூர்த்திக்குச் சுருக்கென்றது. "சிரிக்கிறவரே சொல்லட்டும் மன்னா, எவ்வளவு கல் வேண்டுமென்று. ஒரு கூடை கூடவும் கூடாது, குறையவும் கூடாது. தப்பினால் நாட்டைவிட்டே போகட்டும்."

ராஜாவுக்கும் வேடிக்கை பார்க்க ஆசை. "அப்படியே ஆகட்டும்" என்றுவிட்டார்.

செவ்வந்தியப்பர் யோசித்தார். எவ்வளவு சொன்னாலும் இந்த ஆள் நாலு கூடையை ஒதுக்கிவிட்டுக் குறைகிறது என்பாரே. அப்போதுதான் போன மாதம் தாண்டவமூர்த்தி மகளுக்கு நடந்த கல்யாணம் ஞாபகம் வந்தது. ஊரெல்லாம் அடைமழை. அவர் வீட்டு வாசலில் மட்டும் யார் காலிலும் சேறு ஒட்டவில்லை.

"ஒரு கூடைகூட வாங்க வேண்டாம் மன்னா," என்றார். "நிலம் விழுங்கியதை நிலத்திலிருந்தே எடுத்துக்கொள்வோம். நாளை மறுநாள் தங்கள் முன்னால் தோண்டலாம். கல் இருந்தால் மேலே பரப்புவோம். இல்லையென்றால், அது எங்கே போயிற்று என்று அதிகாரி ஐயா சொல்லுவார்."

தாண்டவமூர்த்தி தலைவலி என்று அப்போதே வீட்டுக்குக் கிளம்பினார்.

சொன்ன நாளில் தோண்டினார்கள். முழ ஆழம்கூடப் போகவில்லை, கடப்பாரை நங்கென்று இடித்தது. பாதை நெடுகச் சரளைக்கல்.

"பார்த்தீர்களா மன்னா, நான் பொய் சொல்கிறவனா?" தாண்டவமூர்த்தி நெஞ்சை நிமிர்த்தினார். கண் மட்டும் தூக்கமில்லாமல் சிவந்திருந்தது.

செவ்வந்தியப்பர் குனிந்து ஒரு பிடி கல்லைத் தேடிப் பொறுக்கி ராஜா கையில் வைத்தார். கல் செக்கச்செவேலென்று இருந்தது. இடுக்கில் மஞ்சள் தடவிய அட்சதை அரிசி.

"இதென்னய்யா நிறம்?"

"நிலம் விழுங்கியது உண்மைதான் மன்னா. விழுங்குவதற்கு முன்னால் பெண்ணையும் மாப்பிள்ளையையும் நிற்க வைத்து ஆரத்தி சுற்றிக் கொட்டியிருக்கிறது."

ராஜா வயிறு குலுங்கச் சிரித்தார். கைமோதிரத்தைக் கழற்றிச் செவ்வந்தியப்பருக்குப் போட்டார். கல்லைப் பரப்பி முடித்ததும் தாண்டவமூர்த்தி பக்கம் திரும்பினார்.

"செருப்பைக் கழற்றிவிட்டு நடந்து பார். கல் போதுமா என்று சொல்."

அதிகாரி பல்லைக் கடித்துக்கொண்டு நொண்டி நொண்டிப் பாதையின் மறுகோடிவரை நடந்தார்.

"போதுமா?"

"தாராளமாய்ப் போதும் மன்னா."

"ஐயா, செருப்பு," என்று நினைவுபடுத்தினார் செவ்வந்தியப்பர்.

அதை எடுக்க அதே பாதையில் அல்லவா திரும்பி வர வேண்டும்? தாண்டவமூர்த்தி காதில் விழாததுபோல் வாசலைத் தாண்டி வெறுங்காலோடு போய்விட்டார்.