ரெண்டு சதவீதம்

பாளையங்கோட்டையில் வெளிநாட்டுப் படிப்புக்கு ஆலோசனை சொல்லும் தணிகாசலம், மதிப்பெண் பட்டியலைக் கையில் வாங்கினால் போதும். வந்தவர் நாற்காலியில் உட்காருமுன், இடம் கிடைக்க எத்தனை சதவீதம் வாய்ப்பு என்று சொல்லிவிடுவார். அவருடைய அலுவலகத்தில் கோப்பு அடுக்கிக் காபி கொடுப்பவள் செண்பகவல்லி. பத்தாவது பெயில்.

அன்று பஸ் கண்டக்டர் இருதயராஜ், மகள் பிலோமினாவோடு வந்திருந்தார். அவள் ஆசைப்பட்டது நூறு பேர் விண்ணப்பித்தால் நான்கு பேரைச் சேர்த்துக்கொள்ளும் பல்கலைக்கழகம். அன்றுதான் கடைசி நாள்.

“ரெண்டு சதவீதம். அனுப்பாதீங்க,” என்றார் தணிகாசலம்.

“பிள்ளை ரொம்ப ஆசைப்படுதா சார்.”

“ஆசைக்கெல்லாம் மார்க் கிடையாதுங்க. பன்னிரண்டு வருஷமா இந்த நாற்காலியில இருக்கேன். அஞ்சு சதவீதத்துக்குக் கீழேன்னு நான் சொன்ன ஒரு பிள்ளைக்காவது அங்க இடம் கிடைச்சிருக்கா? காட்டுங்க பார்ப்போம்!”

பிலோமினா சான்றிதழ்களைப் பைக்குள் திணிக்கத் தொடங்கினாள். காபி வைக்க வந்த செண்பகவல்லி அங்கேயே நின்றாள்.

“சார், நானும் ஏழு வருஷமா பீரோவை அடுக்குதேன். அந்தப் பிள்ளைங்க அனுப்பின விண்ணப்பத்துல ஒரு நகல்கூட கண்ணுல படலியே, எங்க வச்சிருக்கீங்க?”

“எப்படி இருக்கும்? நான்தான் ஒருத்தரையும் அனுப்ப விடலியே!” என்றார் தணிகாசலம் பெருமையாக.

இருதயராஜ் சிரித்துவிட்டார். “போடாத கடுதாசிக்குப் பதில் வரலன்னு சொல்லுதீங்களே சார்!”

பிலோமினா பையிலிருந்ததையெல்லாம் மறுபடி மேசையில் எடுத்து வைத்தாள். சாயங்காலம் நாலரைக்கு விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது.

தணிகாசலத்தின் கணிப்பு பொய்த்துப்போக முதல் தடவையாக ஒரு வழி பிறந்தது.